கீரையைத் தொலைத்தது யார்?

கென்யாவின் தென்மேற்கில் கிசி என்றொரு மலைப்பகுதி. மழை ஆரம்பித்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆனால் போதும், அங்கே சந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு முன்னால் ஒரு கீரை கட்டுக் கட்டாகக் குவிந்துவிடும். கிசிக்காரர்கள் அதைச் சின்சாகா என்பார்கள். நைரோபி போய்ச் சேரும்போது பெயர் சுருங்கி 'சாகா' ஆகிவிடும். தமிழ்க் காதுக்கு அது சாவே இல்லாத கீரை என்று கேட்கிறது. தற்செயல் தான். ஆனால் என்ன ஒரு பொருத்தம்! ஏனென்றால் எத்தனையோ வருடங்களாக இந்தக் கீரைக்கு ஆளாளுக்கு இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அது பாட்டுக்கு முளைத்துக்கொண்டே இருக்கிறது.

செடி எப்படி இருக்கும்? இடுப்பு உயரம், நல்ல மண் கிடைத்தால் அதற்கும் மேலே. ஒரு காம்பில் கை விரித்த மாதிரி ஐந்து இலை. தண்டில் பிசுபிசுப்பான ரோமம். வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூ, அதிலிருந்து மகரந்தக் கம்பிகள் சிலந்திக்கால் போல நீட்டிக்கொண்டு நிற்கும். கசக்கி முகர்ந்தால் கடுகு நெடி. வாயில் போட்டால் கசப்பு. தமிழ்நாட்டில் தரிசிலும் குப்பைமேட்டிலும் வெள்ளைப் பூவோடு நிற்கும் நல்வேளை, தைவேளை என்கிற செடி இதே தான் (மஞ்சள் பூ பூப்பது வேறு, அது நாய்வேளை). லின்னேயஸ் 1753ல் இதற்குக் கிளியோமி ஜைனாண்ட்ரா என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் 'ஸ்பைடர் பிளாண்ட்', 'கேட்ஸ் விஸ்கர்ஸ்', போதாக்குறைக்கு 'ஆப்பிரிக்கன் கேபேஜ்'! முட்டைக்கோஸுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு தான், இரண்டும் ஒரே பெருங்குலம். ஆனால் எதைப் பார்த்தாலும் தன் ஊர்க் காய்கறியின் பெயரை ஒட்டவைக்கும் பழக்கத்தை என்னவென்று சொல்வது?

இப்போது ஆப்பிரிக்காக்காரர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். கிசியில் சின்சாகா. விக்டோரியா ஏரிக்கரை லுவோ மக்களுக்கு டெக். சுவாஹிலியில் ம்காகானி. உகாண்டாவின் கண்டா மொழியில் ஜோப்யோ. ஜிம்பாப்வேயின் ஷோனாக்காரர்களுக்கு ந்யெவே, பக்கத்திலேயே இருக்கும் ந்தெபெலே மக்களுக்கு உலூடே. நமீபியாவின் வடக்கே ஓம்பிடி. போட்ஸ்வானாவில் ரோத்வே. தென்னாப்பிரிக்காவின் வடக்கில் லெரோதோ. மேற்கு ஆப்பிரிக்காவின் பெயர்கள் இந்தப் பட்டியலில் இன்னும் வரவே இல்லை.

ஒரு பொருளுக்கு இத்தனை மொழியில், அதுவும் வீட்டு அடுப்படியில் தினமும் புழங்கும் பெயர்கள் இருந்தால் அதைத் 'தொலைந்துபோன' பொருள் என்று யாராவது சொல்வார்களா?

சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1996, 2006, 2008 என்று மூன்று தடித்த தொகுதிகளாக ஆப்பிரிக்க உணவுப் பயிர்களைப் பற்றி வெளியிட்டது. மொத்த வரிசைக்கும் வைத்த பெயர் 'ஆப்பிரிக்காவின் தொலைந்த பயிர்கள்'. உள்ளே நல்ல தகவல்கள் நிறைய உண்டு, அதில் சண்டை இல்லை. தலைப்பில் தான் சண்டை. யாரிடமிருந்து தொலைந்தது? 2006ல் காய்கறித் தொகுதி அச்சாகிக்கொண்டிருந்த அன்றும் கிசியில் ஒரு பாட்டி சாகா ஆய்ந்துகொண்டு தானே இருந்திருப்பார்? அவர் கையில் இருப்பது எப்படித் தொலைந்த பொருள் ஆகும்? வாஷிங்டன் அலுவலக மேஜைக்கு வந்து சேராத எல்லாமே தொலைந்தவை என்றால், உலகத்தில் முக்கால்வாசி சமையல் தொலைந்துவிட்டது.

அடுத்த வார்த்தை இன்னும் மோசம். 'அநாதைப் பயிர்'. 2011ல் தொடங்கிய ஆப்பிரிக்க அநாதைப் பயிர்கள் கூட்டமைப்பு 101 பயிர்களைப் பட்டியல் போட்டு, அவற்றின் மரபணுத்தொகுதிகளை வாசிக்கக் கிளம்பியது. பட்டியலில் இந்தக் கீரையும் உண்டு. 2018ல் பெனின் நாட்டு ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு, இந்தக் கீரையை எப்படி இனவிருத்தி செய்யலாம் என்று உருப்படியான ஒரு வழிகாட்டிக் கட்டுரை எழுதியது. அதன் தலைப்பிலும் அநாதை தான். ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே அந்த வார்த்தையைப் போட்டுத் தான் எழுதவேண்டியிருக்கிறது என்றால், அது எவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது பாருங்கள்.

இந்த வார்த்தைக்கு அவர்கள் சொல்லும் விளக்கம் நேர்மையானது: உலகச் சந்தையில் பெரிதாக விலைபோகாததால் ஆராய்ச்சிப் பணமும் கவனமும் கிடைக்காத பயிர். அப்படியானால் அதையே சொல்லிவிட்டுப் போகலாமே. 'பணம் ஒதுக்கப்படாத பயிர்' என்று சொன்னால் அடுத்த நொடியே ஒரு கேள்வி வரும், ஒதுக்காதது யார் என்று. 'அநாதை' என்று சொன்னால் அந்தக் கேள்வி வராது. பாவம் என்று தோன்றும், உச்சுக் கொட்டுவார்கள், தத்தெடுக்க யாராவது வருவார்கள். தத்தெடுக்க வருகிறவருக்கு மாலை மரியாதை. ஏற்கெனவே பெற்று வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் வரிசையாக நிற்பது மட்டும் யார் கண்ணிலும் படாது.

சரி, இந்த இரண்டுக்கும் முன்னாலேயே வந்த மூத்த வார்த்தை ஒன்று உண்டு. களை.

சாகா பெரும்பாலும் விதைக்காமலே வரும் கீரை. மாட்டுப்பட்டி இருந்த இடம், எருக்குழி ஓரம், வீட்டுப் பின்பக்கம், உழுது போட்ட வயல், இங்கெல்லாம் முதல் மழைக்குத் தானாக முளைக்கும். தினைக்கும் மக்காச்சோளத்துக்கும் களை எடுக்கப் போகும் பெண் எல்லாச் செடியையும் ஒரே மாதிரி பிடுங்குவதில்லை. இதை விட்டுவைப்பாள், அல்லது பிடுங்கியதைக் கூடையில் போட்டுக்கொள்வாள். களையெடுப்பும் கீரை பறிப்பும் அவளுக்கு ஒரே வேலை. பூக்கத் தொடங்கினால் இலை சிறுத்துவிடும் என்பதால் பூங்கொத்தைக் கிள்ளி எறிந்து செடியை இன்னும் சில வாரம் இலை விட வைப்பதும், இரண்டு நல்ல செடியை மட்டும் கிள்ளாமல் விதைக்கு விடுவதும் அவளுக்குத் தெரியும். இதற்குப் பெயர் விவசாயம் இல்லையா? வரிசையாக நடவில்லை, ரசீது போட்டு விதை வாங்கவில்லை என்பதால் 'காட்டுக்கீரை' என்று எழுதி வைத்துவிட்டார்கள். காட்டில் முளைப்பதை விட வீட்டு வாசலில் முளைப்பது தான் அதிகம் என்பது செடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேளாண் அலுவலர்களின் கையேட்டுக்கு இந்த இடைநிலை புரியவே புரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே பெட்டி: பயிர், களை. ஆங்கிலேயர் ஆட்சியில் கென்யாவின் நல்ல நிலங்கள் வெள்ளைக்காரப் பண்ணைகளாயின. மக்காச்சோளம் முதல் மரியாதைக்கு வந்தது. முட்டைக்கோஸும் கேல் கீரையும் 'முன்னேறிய' காய்கறிகளாயின. 1963ல் சுதந்திரம் வந்தது. பாடத்திட்டம் மாறவில்லை! பள்ளித் தோட்டத்தில் முட்டைக்கோஸ், வேளாண் கல்லூரியில் முட்டைக்கோஸ், கண்காட்சியில் பரிசு வாங்குவதும் முட்டைக்கோஸ். பட்டம் வாங்கிய அலுவலர் கிராமத்துக்கு வந்து, சாகாவைக் காட்டி 'இதைப் பிடுங்கிப் போடுங்கள்' என்று சொன்னால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவருடைய அம்மா அதை ஊட்டித் தான் அவரை வளர்த்திருப்பார். அது வேறு விஷயம்.

பிடுங்கச் சொன்னதை விடப் பெரிய சேதம் ஒன்று நடந்தது. வெட்கப்பட வைத்தார்கள். விருந்தாளி வந்தால் சாகாவை மறைத்துவிட்டு முட்டைக்கோஸ் வைப்பது, நகரத்துப் பையன் 'அது கிழவிகள் சாப்பிடுவது' என்று தட்டைத் தள்ளுவது எல்லாம் இதனால் வந்தவை. பாரம்பரிய உணவு என்றாலே ஏழ்மை, பிற்போக்கு என்று கென்யாவில் பார்த்தார்கள் என்பதை யுனெஸ்கோ ஆவணமே ஒப்புக்கொள்கிறது. களைக்கொல்லி அடித்துக்கூட இந்தச் செடியை ஒழிப்பது கடினம், விதை மண்ணில் காத்துக்கொண்டிருக்கும். வெட்கம் அப்படி இல்லை. ஒரு தலைமுறை சமைக்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குச் செடி எதிரில் நின்றாலும் அடையாளம் தெரியாது.

இந்த வெட்கம் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்கவேண்டாம். இதே செடியைப் பற்றித் தமிழில் சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரண்டு சாட்சி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணர் குடும்பம்: குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, போட உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறது. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் பாடியதாக வரும் பாட்டில் இதே வேளையின் பூவைத் தயிரில் சேர்த்து இடையர் வீட்டுப் பெண் புளிங்கூழ் ஆக்குகிறாள். அது பாண்டிய நாட்டு நண்பனின் ஊர்ச் சிறப்பாகப் பெருமையோடு சொல்லப்படுகிறது, சொல்பவன் ஒரு ராஜா! செடி ஒன்று தான். ஒரு வீட்டில் உப்பு இல்லை, இன்னொரு வீட்டில் தயிர் இருந்தது. ஏழ்மை கீரையில் இல்லை, உப்பு ஜாடியில் இருந்தது. இந்தச் சின்ன உண்மை நவீன வேளாண் துறைகளுக்கு எட்டவில்லை.

தயிர் என்றதும் ஞாபகம் வரவேண்டிய விஷயம், கென்யாவிலும் இந்தக் கீரைக்கு ஜோடி பால் தான். லுவோ, கலென்ஜின் வீடுகளில் கீரையை வேகவைத்துப் பாலோ பாலாடையோ சேர்த்து மெல்ல அடுப்பில் வைப்பார்கள். அடுத்த நாள் மறுபடியும் கொஞ்சம் பால், மறுபடியும் சூடு. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தான் ருசியே வரும் என்பது லுவோ சமையலில் சகஜம். தனியாகச் சமைத்தால் கசக்கும் என்று மணத்தக்காளி இனத்துக் கீரையான மனாகு, தட்டைப்பயறு இலையான குண்டே இவற்றோடு கலப்பார்கள். ஜிம்பாப்வேயில் வேர்க்கடலை விழுதைச் சேர்ப்பார்கள். மழை இல்லாத மாதங்களுக்காக வேகவைத்துக் காயவைப்பதும் உண்டு. நமீபியாவில் வெந்த கீரையைத் தட்டிப் பெரிய வடை மாதிரி வெயிலில் காயப்போட்டு வைக்கிறார்கள். கிசியில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இழந்த ரத்தம் ஊற இந்தக் கீரையைத் தான் கொடுப்பார்கள்.

'கசக்கிறது, அதனால் இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள், காலத்தின் போக்கு' என்று ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. காபி கசக்காதா? பீர் கசக்காதா? விளம்பரம் செய்து விற்கும் இந்த இரண்டு பானங்களும் கசப்பு தான். கசப்பை ருசியாக மாற்றும் வித்தை தெரிந்தவர்களைச் சமையலறையை விட்டே வெட்கப்படுத்தித் துரத்திவிட்டு, பிறகு கீரை கசக்கிறது என்று கீரை மேலேயே பழி போடுவது நல்ல கதை.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. மக்காச்சோளம் தான் வயிற்றை நிரப்புகிறது, கீரையால் பசியாறுமா என்பது. வயிறு நிரம்புவதும் உடம்பு தேறுவதும் ஒன்றல்ல. மக்காச்சோளக் களி மட்டும் தின்றால் வயிறு நிரம்பும், ரத்தசோகையும் கூடவே இருக்கும். சாகா இலையில் கால்சியம், இரும்பு, வைட்டமின் ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டின் எல்லாம் முட்டைக்கோஸை விடப் பல மடங்கு. களியோடு எதைத் தொட்டுச் சாப்பிடுவது என்பது தான் கேள்வியே. அந்தத் தொடுகறியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிறகு சத்துக்குறைவுக்கு மாத்திரை கொடுக்கும் திட்டம் போடுவார்கள். (கேல் கீரை மீது கோபம் வேண்டாம். சுகுமா விக்கி என்று அதற்குப் பெயர், 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தம். கையில் காசில்லாத குடும்பங்களின் வாரத்தை அது நிஜமாகவே தள்ளுகிறது. தப்பு கேல் மேல் இல்லை, கேலைத் தவிர மற்றதெல்லாம் களை என்று சொன்னவர்கள் மேல்.)

இதையெல்லாம் உள்ளே இருந்தே எதிர்த்தவர்கள் உண்டு. முக்கியமான ஒருவர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ. கென்யாவின் ஜோமோ கென்யாட்டா வேளாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியர். சிறுவயதில் இறைச்சி, முட்டை மாதிரியான உணவுகள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் இந்த மாதிரிக் கீரைகளைச் சாப்பிட்டே வளர்ந்தவர். விவசாயம் படிக்கப் போனால் அங்கே இவை பாடத்திலேயே இல்லை, களைகளாகத் தான் பேசப்பட்டன. சாப்பிட்டு வளர்ந்ததைக் களை என்று சொன்னால் யாருக்குத் தான் கோபம் வராது? அந்தக் கோபத்தை அவர் ஆராய்ச்சியாக மாற்றினார். விதை சேகரித்தார், சத்தை அளந்தார், எப்படி வளர்த்தால் விளைச்சல் கூடும் என்று பார்த்தார், விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2010ல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அறிவியல் விருது அவருக்குக் கிடைத்தது. 1990களின் நடுவில் கென்யா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, கேமரூன், செனகல் என்று ஐந்து நாடுகளில் ஆப்பிரிக்கக் கீரைகளுக்காகச் சர்வதேச மரபு வள நிறுவனம் ஒன்று நடத்திய திட்டமும் பெரிய உதவி. அப்புறம் நைரோபி சூப்பர் மார்க்கெட்டில் சாகாவும் மனாகுவும் வந்தன, ஹோட்டல்களில் 'ம்போகா சா கியென்யேஜி', அதாவது நாட்டுக் கீரை, என்று மெனுவில் ஏறின. 2021ல் பாரம்பரிய உணவை மீட்ட கென்யாவின் அனுபவத்தை யுனெஸ்கோ தன் நல்ல பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

ஆக, வெற்றி தானே? சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாமா?

போக முடியாது. ஏனென்றால் களை என்ற வார்த்தை போன இடத்தில் வேறொரு வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டது. 'சூப்பர்'. 2015ல் நேச்சர் இதழ் ஒரு நல்ல கட்டுரையை 'ஆப்பிரிக்காவின் சூப்பர் காய்கறிகள்' என்று தலைப்பு வைத்து வெளியிட்டது. அதற்குப் பிறகு சூப்பர் இல்லாமல் யாரும் இந்தக் கீரையைப் பற்றி எழுதுவதே இல்லை. திட்டினாலும் சரி, புகழ்ந்தாலும் சரி, இரண்டிலும் ஒரு ஒற்றுமை கவனியுங்கள். கீரைக்கு மதிப்பெண் போடுவது வெளியே இருக்கும் ஆள். நேற்று பூஜ்யம், இன்று நூறு. அடுப்படியில் இருக்கும் பெண் நேற்றும் பரீட்சை எழுதுகிறவள், இன்றும் பரீட்சை எழுதுகிறவள். அவள் கையில் பேனா வரவே இல்லை.

விஞ்ஞானக் கூடங்களிலும் இந்தக் கீரைக்குத் திடீர் மவுசு வந்தது. காரணம் வேறு. தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் முறைகளில் சி4 என்று ஒன்று உண்டு. வெயிலிலும் வறட்சியிலும் தண்ணீரை வீணாக்காமல் வேகமாக வளர உதவுகிற முறை அது. மக்காச்சோளமும் கரும்பும் அப்படிப்பட்டவை. நெல்லும் கோதுமையும் அப்படி இல்லை. உலகத் தாவர இனங்களில் சுமார் 3 சதவீதம் மட்டுமே சி4. சாகா அந்தச் சிறுபான்மையில் ஒன்று. அதோடு, ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் செடிக்கு நெருங்கிய சொந்தம். அதனால் 2005ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் சி4 முறையைப் புரிந்துகொள்ள இது அருமையான மாதிரிச் செடி என்று முன்வைத்தார்கள். நெல்லை எப்படியாவது சி4 ஆக்கிவிட முடியுமா என்ற பெரிய கனவுக்கு இந்தச் செடியும் பாடம் சொல்லிக்கொடுக்கிறது.

அறிவியல் என்ற அளவில் அழகான வேலை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள். யாரும் குழம்பு வைத்துச் சாப்பிடாத அராபிடாப்சிஸின் மரபணுத்தொகுதி 2000ல் வந்துவிட்டது. ஒரு கண்டமே சாப்பிடும் சாகாவின் மரபணுத்தொகுதி வெளியானது 2023ல். வந்ததும் அது கீரை என்பதற்காக மட்டும் அல்ல, சி4 எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளவும் தான். களை என்று பிடுங்கிய செடி நெல்லுக்கு உதவும் என்றதும் கண்ணாடி வீட்டில் குடியேறிவிட்டது. சீக்கிரம் பூத்து இலை குறைந்துபோகிறதே, இதைக் கொஞ்சம் தாமதமாகப் பூக்க வைக்க முடியுமா என்று கிசி விவசாயி கேட்கும் கேள்விக்கு எந்தக் கண்ணாடி வீட்டில் முதலிடம்?

கடைசியில் எல்லாம் வந்து நிற்கும் இடம் விதை.

இந்தக் கீரையின் விதை பெரும்பாலும் கம்பெனிப் பாக்கெட்டில் வருவதில்லை. போன வருடச் செடியிலிருந்து எடுத்தது, பக்கத்து வீட்டில் வாங்கியது, சந்தையில் ஸ்பூன் அளவில் விற்றது. மாமியார் மருமகளுக்குக் கொடுத்தது. கென்யாவின் விதைகள், தாவர ரகங்கள் சட்டம் 2012ல் திருத்தப்பட்டபோது இந்தப் புழக்கம் மொத்தமும் குற்றத்தின் நிழலில் வந்துவிட்டது. பதிவு செய்யாத, சான்றிதழ் இல்லாத விதையை விற்றாலோ பரிமாறிக்கொண்டாலோ 2 வருடம் வரை சிறை, 10 லட்சம் ஷில்லிங் வரை அபராதம். சாகாவைக் குறிவைத்து எழுதிய சட்டம் இல்லை தான். ஆனால் வலை போட்டவன் எந்த மீனை நினைத்துப் போட்டான் என்பதைப் பார்த்தா மீன் மாட்டுகிறது? ஒரு பக்கம் பாரம்பரியக் கீரையைக் காப்பாற்றுவோம் என்று யுனெஸ்கோ பதிவேடு. இன்னொரு பக்கம் அந்தக் கீரையை இத்தனை காலம் காப்பாற்றிய ஒரே பழக்கத்துக்கு ஜெயில். ஒரே நாடு, ஒரே பத்து வருடம்.

சட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்ன காரணம் போலி விதை. அது பொய்யில்லை. சாயம் பூசிய சோளத்தை வீரிய விதை என்று விற்று விவசாயியின் ஒரு பருவத்தையே அழிக்கும் மோசடி அங்கே உண்டு. அதற்குத் தண்டனை வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஆனால் மோசடிக்காரன் செய்வது என்ன? போலி லேபிள் ஒட்டி, யாரென்றே தெரியாதவருக்கு விற்கிறான். சாகா விதை கொடுக்கும் பெண்ணிடம் லேபிளே இல்லை. வாங்குகிறவளுக்கு அவளுடைய வீடு தெரியும், செடி தெரியும், முளைக்கவில்லை என்றால் போய்ச் சண்டை போடவும் தெரியும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்த சட்டம் விவசாயியைக் காப்பாற்ற எழுதியது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

2022ல் 15 விவசாயிகள் இந்தச் சட்டப்பிரிவுகளை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பரில் கென்ய உயர் நீதிமன்றம், விதையைச் சேமிப்பதையும் பகிர்வதையும் குற்றமாக்கிய பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. பாட்டிகள் செய்துவந்தது குற்றமில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு தேசத்துக்கு 13 வருடமும் ஒரு நீதிபதியும் தேவைப்பட்டது.

தீர்ப்பு வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் சாகா விதையை ஒருமுறை முளைக்க வைத்துப் பார்க்கவேண்டும். புதிதாக எடுத்த விதை சரியாக முளைக்காது. சில மாதம் தூங்கும். முட்டைக்கோஸ் விதையை வைத்து எழுதிய முளைப்புத்திறன் விதிகளை அப்படியே இதற்கும் நீட்டினால், அறுவடை செய்தவுடன் சோதனைக்கு வரும் நல்ல விதைகூடத் தோற்றுப்போகும். சான்றிதழ் முறையில் இந்தக் கீரையும் வரவேண்டும், நல்ல ரகங்கள் பாக்கெட்டில் கிடைக்கவேண்டும் என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம். தான்சானியாவின் அருஷாவில் உலகக் காய்கறி மையத்தின் கிளை அந்த வேலையைச் செய்துகொண்டு தான் இருக்கிறது. ஆனால் அந்த ரகங்கள் எங்கிருந்து கிளம்பின? யாரோ ஒரு பெண் பூ கிள்ளாமல் விட்ட செடியிலிருந்து. பாக்கெட்டின் முன்பக்கத்தில் கம்பெனி பெயர் இருக்கும். விதை கொடுத்த ஊரின் பெயர் பின்பக்கத்திலாவது இருக்குமா? விற்ற காசில் ஒரு பங்கு அந்த ஊருக்குத் திரும்பிப் போகுமா? அடுத்த வருடம் அதே விதையை எடுத்து வைத்து அவள் அக்கம்பக்கம் கொடுக்கலாமா, கூடாதா? 'தொலைந்தது', 'அநாதை', 'சூப்பர்' என்று எழுதுகிற அறிக்கைகளில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அதுவரைக்கும் விதை சமையல்கட்டு மூலையில் சாம்பல் கலந்து பாட்டிலில் இருக்கும். எத்தனை மாதம் தூங்கும், எந்த மழைக்குப் போடவேண்டும் என்பதெல்லாம் அதை வைத்திருப்பவருக்குத் தெரியும்.